கட்டைவிரல் அலுவலகம்

யூதர்களின் பழைய மறைஞான நூல்களில் சந்தால்போன் என்றொரு தேவதூதர் வருகிறார். மனிதர்களின் பிரார்த்தனைகளைப் பூப்போலத் தொடுத்து ஆண்டவனின் தலைக்குக் கிரீடமாகச் சூட்டுவது அவருடைய வேலை. மற்ற தூதர்களைவிட அவர் ஐந்நூறு வருட நடைதூரம் உயரம் என்றும், கால் பூமியில் ஊன்றியிருக்கத் தலை வானத்தைத் தாண்டிப் போய்விடும் என்றும் எழுதியிருக்கிறார்கள். இத்தனை எழுதியவர்கள், அந்தக் கால் எந்த ஊரில் ஊன்றியிருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். நல்லம்பள்ளிக்கு மேற்கே, பெரியண்ணனின் சாமந்திக் காட்டில்.

முழுக்கால் இல்லை. வலது கட்டைவிரல் மட்டும்தான் பட்டா நிலத்தில் வருகிறது, மீதி விரல்கள் புறம்போக்கு. வெகுகாலமாக அதைப் பாறை என்று நினைத்து மேலே மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் வரப்பை அகலப்படுத்த ஜேசிபி வைத்துத் தோண்டியபோது நகம் தெரிந்தது. மறுநாளே மேலேயிருந்து அலுவலர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை. இறக்கையைச் சட்டைக்குள் மடித்து வைத்திருந்ததால் எல்லோருக்கும் லேசாகக் கூன். விரலை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, "பிரார்த்தனைப் பெறுதல் மற்றும் பரிசீலனைப் பிரிவு, பாதம்" என்று பலகை மாட்டினார்கள்.

ஜனங்கள் முதல் வாரம் ஆச்சரியப்பட்டார்கள். இரண்டாவது வாரம் ஜெராக்ஸ் கடை வந்தது. மூன்றாவது வாரம், சாப்பாட்டுக்குப் போனவர்கள் நாலு மணி வரை சீட்டுக்கு வருவதில்லை என்று புகார் வந்தது. அதோடு அது நம் ஊர் அலுவலகம் ஆகிவிட்டது.

குரு இந்தப் பக்கம் தினமும் வருகிறவன்தான். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாலை கட்டுகிறான். காலையில் பெரியண்ணன் காட்டில் சாமந்தி எடுத்துக்கொண்டு போவான். அலுவலகத்தை அவன் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அவன் மனைவி காவேரி இ-சேவை மையத்தில் ஐந்து வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவள், அலுவலகம் என்றால் பத்தடி தள்ளி நடக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனால் அந்த ஆவணியில் அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு முறை கரு தங்கி இரண்டும் ஆறாம் மாதத்தோடு போயிருந்தது. இது மூன்றாவது. முப்பத்தொரு வாரம் வந்துவிட்டது. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, இன்னும் ஆறு வாரமாவது குழந்தை உள்ளேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் தெரசா சொல்லியிருந்தார். அந்த ஆறு வாரத்தை நினைத்தால் குருவுக்குக் கையில் நார் நிற்கவில்லை.

"மனசுக்குள்ள கும்பிட்டா இப்பல்லாம் எடுபடறதில்லியாம் தம்பி. எழுதிக் குடுத்தாத்தான் ஆவுமாம்" என்றார் பெரியண்ணன்.

"நீங்க குடுத்தீங்களா பெரியப்பா?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. மழை வேணும்னு குடுத்தேன். பரிசீலனையில இருக்குதுன்றாங்க." பெரியண்ணன் காட்டைச் சுற்றிக் கையைக் காட்டினார். "சுத்திலும் பேயுது. இந்த ஒண்ணரை ஏக்கர்ல மட்டும் ஒரு தூறல் இல்ல. என் நேரம்."

அது அவருடைய நேரம் என்றே குருவும் நம்பினான்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் ஒரு பலகை. "கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கு தெரிவிக்கப்பட மாட்டாது." அதைத் தாண்டிக் கவுண்டர். கவுண்டருக்குப் பின்னால் எழுத்தர். அவருக்குப் பின்னால் கட்டைவிரலின் நகம், ஒரு சுவர் உயரத்துக்கு. அதில் நாள்காட்டி மாட்டியிருந்தார்கள்.

எழுத்தர் மனுவை வாங்கிப் படித்தார். "'சாமி'ன்னு போட்டிருக்கீங்க. எந்த சாமி?"

"எல்லா சாமியும்தாங்க."

"அப்ப அத்தனை நகல் வேணும். சரி, 'எப்படியாவது ஆறு வாரம் புள்ளைய உள்ளேயே வச்சிரு'ன்னு இருக்கு. எப்படியாவதுன்னா எப்படி?"

"எப்படின்னாலும் சரிங்க."

"இப்ப அப்படித்தான் சொல்வீங்க. நாங்க ஒரு வழியில முடிச்சுக் குடுத்ததும், ஐயோ இப்படி இல்லன்னு வந்து நிப்பீங்க. வழியைக் குறிப்பிட்டு எழுதுங்க." பிறகு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது என்ன ஈரம்?"

"எழுதறப்போ கண்ணு கலங்கிருச்சுங்க."

"கண்ணீர் பட்ட மனு செல்லாது. உணர்ச்சிவசப்படறதெல்லாம் வீட்டிலேயே முடிச்சுட்டு வரணும்."

"எனக்கு முன்னால போனவர் தாள்ல டீ கொட்டிக் கெடந்துச்சுங்களே. அதை வாங்கினீங்க?"

"டீக்கு விதி இல்லை. விதியில கண்ணீர்னு மட்டும்தான் இருக்கு."

குரு ஜெராக்ஸ் கடைக்குப் போய் வறண்ட கண்ணோடு மறுபடி எழுதினான். எப்படி என்ற இடத்தில் "கருணை வழியில்" என்று போடச் சொன்னார் ஜெராக்ஸ் கடைக்காரர், அவர் அதற்கெல்லாம் பழகியிருந்தார். எழுத்தர் முத்திரை குத்தினார். குத்தியதும் தாள் மடங்கிச் சுருங்கி ஒரு மல்லிகை மொட்டாக மாறியது. அந்த அலுவலகத்தில் அதிசயம் என்று சொல்ல அது ஒன்றுதான் உண்டு. அலுவலர்களுக்கு அதுவும் தொல்லை. பூவில் ஓட்டை போட்டுக் கோப்பில் கட்ட முடியவில்லை என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள். எழுத்தர் மொட்டைத் தூக்கிப் பின்னறைக்குள் எறிந்தார்.

"மேல எப்ப போவுங்க?"

"பரிசீலனை முடியணும். அதுவரைக்கும் ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. மனு நிலுவையில இருக்கும்போது, கேட்ட காரியம் நடக்கக் கூடாது. அனுமதி இல்லாம நடந்தா அது முறைகேடு."

குரு தலையாட்டிவிட்டு வந்தான். பாதி வழியில் போன் வந்தது. காவேரிக்கு வலி ஆரம்பித்திருந்தது.

வீட்டுக்கு ஓடினான். காவேரி சுவரைப் பார்த்துப் படுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஆட்டோ வாசலில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்ததும் குருவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மனு கொடுத்ததைச் சொன்னான். அவள் வலிக்கு நடுவில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எழுத்தர் கடைசியாகச் சொன்னது என்ன என்பதை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

"என்ன மாமா காரியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க! உள்ள இருக்கணும்னு கேட்டீங்க. மனு நிலுவையில. அப்ப உள்ள இருந்தா முறைகேடு. அதான் வெளிய வரப் பாக்குது."

குருவுக்குப் பெரியண்ணனின் ஒன்றரை ஏக்கர் கண்முன் வந்து நின்றது. "இப்ப என்ன பண்றது?"

"புள்ளை இன்னைக்கே பொறக்கணும்னு மனு குடுங்க."

"ஏய், என்னா பேசற நீ?"

"ஓடுங்கன்றேன்! அவங்க எதைச் செய்யறேன்னு சொல்றாங்களோ அது நடக்காது. எனக்கு அவங்களைத் தெரியும்."

குரு ஓடினான். ஜெராக்ஸ் கடையில் நின்று, பிள்ளை இன்றைக்கே பிறக்க வேண்டும் என்று எழுதினான். நல்லவேளையாகக் கண்ணீர் தாளில் விழவில்லை. இரண்டாவது மனு கொடுத்தால் முதல் மனு தானாக அடங்கிவிடும் என்றார் எழுத்தர். முத்திரை விழுந்தது. தாள், நன்றாக விரிந்த ஒரு மல்லிகைப் பூவாக மாறியது. மணி மூன்று இருபது. மூன்று இருபதுக்கு வலி நின்றுவிட்டதாக வீட்டிலிருந்து போன் வந்தது.

அடுத்த ஆறு வாரம் குரு உழைத்த உழைப்பு கொஞ்சமில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அலுவலகத்துக்குப் போய், மனு முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டான். இது அவ்வளவு கடினமான வேலை இல்லை. அவர்கள் கேட்ட சான்றில் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு கேட்பார்கள். ஒரே ஒரு முறைதான் ஆபத்து வந்தது. புதிதாக ஓர் இளம் உதவியாளர் வந்திருந்தார், இறக்கைகூட இன்னும் சரியாக மடியவில்லை. "அண்ணா, உங்க பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. இன்னைக்கே மேல அனுப்பிடறேன்" என்று பூவைக் கையில் எடுத்துவிட்டார். குரு கவுண்டர்மேல் சாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாங்க! புள்ளை குட்டிக்காரன்... ஆகப்போறவன். மெதுவாப் பண்ணுங்க."

இளம் உதவியாளர் குழம்பிப்போய்க் கண்காணிப்பாளரிடம் கேட்டார். கண்காணிப்பாளர் என்பவர் பிரிவின் தலைவர். தொந்தி சரிந்தவர், இறக்கைக்கென்று தனியாக நாற்காலி வைத்திருந்தார். அவர் குருவின் தோளில் தட்டிக்கொடுத்தார். "பார்த்தீர்களா, மனுதாரரே அவசரப்படவில்லை. இப்படி ஒரு பொறுமையைத்தான் நாங்கள் பொதுமக்களிடம் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்." அன்று மாலையே இளம் உதவியாளர் சுண்டுவிரலுக்கு மாற்றப்பட்டார். அங்கே பலகையும் கிடையாது, மனுவும் வராது.

முப்பத்தேழாவது வாரம் முடிந்த அன்று காவேரி தட்டில் கேசரி வைத்துக் கொடுத்தாள். "போதும் மாமா. போய் வாபஸ் வாங்கிட்டு வாங்க."

எழுத்தர் கேசரியை வாங்கிக்கொண்டார். "வாபஸ் மனுவும் ஒரு மனுதான். பரிசீலனை முடியற வரைக்கும் வாபஸ் ஆகக் கூடாது."

"சரிங்க, அப்ப பொறக்க வேணாம்னு மாத்தி ஒண்ணு எழுதிக் குடுத்துடறேன்." இதுவும் காவேரி சொல்லி அனுப்பியதுதான்.

"ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு விஷயத்துல ரெண்டு மனுதான். உங்களுது ரெண்டும் ஆச்சு."

குரு வாசலுக்கு வந்து, சாமந்திப் பாத்தியில் உட்கார்ந்துவிட்டான். அலுவலகத்தை ஏய்த்துவிட்டோம் என்று ஆறு வாரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவன் அவன். அலுவலகத்துக்கு அதனால் ஒன்றுமே ஆகவில்லை. அது சும்மா இருந்தது. சும்மா இருப்பதில் அதை ஜெயிக்க முடியாது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

முப்பத்தெட்டு ஆனது, முப்பத்தொன்பது, நாற்பது. காவேரியால் எந்தப் பக்கமும் படுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள், வலி வரவில்லை. நாற்பத்தொன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை காலை, டாக்டர் தெரசா ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டுக் குருவை வெளியே கூப்பிட்டார்.

"இதுக்கு மேல தள்ள முடியாதுப்பா. புள்ளையோட துடிப்பு சோர்ந்து வருது. ஆபரேஷனுக்கு மூணு தடவை ஏற்பாடு பண்ணியும் ஏதாவது ஒண்ணு தடுத்துடுது. சாயங்காலம் வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறம்..." அவர் ஸ்டெதஸ்கோப்பை மடித்துப் பையில் போட்டார். "நீ கும்பிடற சாமி எதுவா இருந்தாலும் கும்பிட்டுக்க."

குரு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடியிருந்தது. விழா நடந்துகொண்டிருந்தது. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஷாமியானா போட்டு, வாழை மரம் கட்டி, "ஒரு லட்சமாவது பிரார்த்தனை பெறும் பொன்னாள்" என்று பேனர் வைத்திருந்தார்கள். கண்காணிப்பாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"இந்தப் பிரிவு வருவதற்கு முன்னால் நிலைமை என்ன? எவன் எங்கே கும்பிட்டாலும் அது நேராக மேலே போய்விடும். ஒரு வரைமுறை இல்லை, ஒப்புகைச் சீட்டு இல்லை. ஆண்டவனுக்குத் தூக்கம் உண்டா? இன்று ஒரு லட்சம் பிரார்த்தனைகள் பெற்றிருக்கிறோம். அதில் ஒன்றுகூட மேலே போய் ஆண்டவனுக்குத் தொந்தரவு தரவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிலர் கேட்கிறார்கள், நிறைவேற்றினால் என்ன என்று. நிறைவேறிவிட்டால் அவன் ஏன் மறுபடி வருகிறான்? அவன் வராவிட்டால் நாம் எதற்கு? ஆக, மக்களின் நம்பிக்கையைக் காப்பாற்றுகிறவர்கள் நாம்தான்."

குரு பின்பக்கமாகப் போனான். பின்னறைக்குப் பூட்டு இல்லை. அங்கே போய் எடுக்க யாரும் ஆசைப்பட மாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. கூரை வரைக்கும் பூ. சம்பங்கி, அரளி, கனகாம்பரம், கோழிக்கொண்டை, மரிக்கொழுந்து. இருபது வருஷமாகப் பூவில் கை வைத்திருக்கிறவன் அவன், இப்படிப் பார்த்ததில்லை. நாலு வருஷத்துப் பூ, ஒன்றுகூட வாடவில்லை. "உங்க பூ வாடிப்போச்சு, புதுசா எழுதிட்டு வாங்க" என்று கவுண்டரில் அவன் கண்ணெதிரே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்ததும் குருவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனுக்கு யார்மேலும் அவ்வளவு சுலபமாகக் கோபம் வராது. அன்றைக்கு வந்தது.

ஓரத்தில் அவனுடைய இரண்டும் கிடந்தன. பிள்ளையை உள்ளேயே வைக்கச் சொன்ன மொட்டு மேலே போய்விடாமல், அதை எடுத்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். விரிந்த மல்லிகையை முதல் பூவாகக் கையில் எடுத்தான். விழாவுக்குக் கட்டிய வாழை மரத்தில் நார் கிழித்தான். பிறகு அவனுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தான்.

கல்யாண சீசனில் அவன் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விரல் எங்கே போகிறது என்றே தெரியாது. மைக்கில் கண்காணிப்பாளர் நன்றியுரைக்கு வந்துகொண்டிருந்தபோது, குரு சிறு குன்றளவு பூவைத் தொடுத்து முடித்திருந்தான். மாலையை இழுத்துக்கொண்டு போய்க் கட்டைவிரலைச் சுற்றிப் போட்டான். மாலை நழுவாமல் இருக்கக் கடைசியில் ஒரு முடிச்சுப் போடுவான், காலை ஊன்றி, பல்லைக் கடித்து, ஒரே இழுப்பு. அதைப் போட்டான்.

விரல் வெடுக்கென்று அசைந்தது. ஷாமியானா சரிந்து கண்காணிப்பாளர்மேல் விழுந்தது.

சந்தால்போன் குனிந்து வர ஐந்நூறு வருஷம் ஆகும் என்றுதான் எல்லாக் கோப்பிலும் எழுதியிருந்தார்கள். அது நடந்து போகிறவர்களுக்கு. குனிகிறவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நல்லம்பள்ளிமேல் நிழல் விழுந்தது, பிறகு ஒரு முகம் வந்தது. வேலை இல்லாமல் வெகுநாள் நின்றவருடைய முகம்.

"யாரப்பா இவ்வளவு இறுக்கிக் கட்டியது?"

"நான்தாங்க. மன்னிச்சுக்குங்க. அவசரம்."

சந்தால்போன் மாலையைக் கழற்றிக் கையில் எடுத்தார். அந்தக் கையில் அது ஒரு மோதிரம் போல இருந்தது. ஒவ்வொரு பூவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "நாலு வருஷமாக இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றுமே வரவில்லையே. உங்களுக்கெல்லாம் ஒரு குறையும் இல்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றேன்."

குரு அண்ணாந்து பார்த்தான். "ஒரு லட்சம் இருக்குதுங்க சாமி" என்றான்.

சந்தால்போன் கொட்டகையைப் பார்த்தார். பலகையைப் படித்தார். பிறகு மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தக் கடைசி முடிச்சு எப்படிப் போட்டாய்? என்னுடையது அவிழ்ந்துகொண்டே இருக்கிறது" என்றார்.

"நாளைக்கு வந்து சொல்லித் தர்றேங்க. ஆஸ்பத்திரியில புள்ளை காத்துக்கிட்டிருக்குது."

அவர் நிமிர்ந்தார். மாலை மேலே போனது. சரியாக அந்த நிமிஷம் பெரியண்ணனின் ஒன்றரை ஏக்கரில் மட்டும் இரண்டு வருஷத்து மழை சேர்ந்து கொட்டியது. அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பாத்தி கரைவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். குரு தொப்பலாக நனைந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் தெரசா வாசலிலேயே சொன்னார், பெண் குழந்தை, மூன்று கிலோ அறுநூறு, அம்மாவும் நலம். குரு அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். எந்த விதியும் குறுக்கே வரவில்லை.

அலுவலகம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஷாமியானாவை உதறிக்கொண்டு எழுந்து, திங்கட்கிழமை பத்தரைக்கு வழக்கம்போலத் திறந்தார்கள். பின்னறைக்குப் பூட்டு மட்டும் புதிதாக வந்தது. அடுத்த வாரம் குரு வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. குழந்தையின் பெயருக்கு. "மனு நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதியின்றித் தாங்கள் பிறந்தது ஏன் என்பதற்கு ஏழு நாட்களுக்குள் இந்தத் தாளிலேயே விளக்கம் அளிக்கவும்."

குரு தாளைக் காவேரியிடம் நீட்டினான். காவேரி வாங்கி ஒரு முறை படித்தாள்.

"அவ பேருக்கு வந்திருக்கு. அவதான பதில் சொல்லணும்" என்று தாளை விரித்து, துணிக்குப் பதிலாகக் குழந்தைக்கு அடியில் போட்டாள். பால் குடித்துவிட்டுப் படுத்திருந்த குழந்தை அதிகம் யோசிக்கவில்லை. விளக்கம் தாள் முழுவதும் பரவியது. காவேரி அதை உறையில் போட்டு, "ஒப்புகைச் சீட்டு வாங்காம வராதீங்க" என்று குருவை அனுப்பினாள்.

எழுத்தர் தாளை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஈரமா இருக்கே. கண்ணீரா?"

"இல்லீங்க."

எழுத்தர் மோந்து பார்த்தார். சந்தேகம் தீர்ந்து, "அப்ப செல்லும்" என்று முத்திரை குத்தினார்.